முள் நடுங்கிய இடம்

சனிக்கிழமை மதியம் டியூட்டர் மதிப்பெண் போட்டுக்கொண்டிருந்தாள். சாப்பாட்டு மேசையின் ஒரு பாதியில் லேப்டாப், மறுபாதியில் மூடி வைத்த பாத்திரங்கள். வீடியோக்களைக் கொஞ்சம் வேகமாக ஓடவிட்டு, சத்தத்தைக் குறைத்து வைத்துப் பார்த்தாள். அவற்றில் கேட்பதற்குப் பெரிதாக ஒன்றும் இருக்காது. மின்விசிறி ஓடும், உள்ளே யாரோ பாத்திரம் உருட்டுவார்கள், அவ்வளவுதான்.

நர்சிங் கல்லூரியில் வருடக்கணக்காகச் செய்முறை வகுப்பு எடுப்பவள் அவள். முதலாண்டை வீட்டிலிருந்தே படிக்கலாம் என்று கல்லூரி இந்த வருடம்தான் அறிவித்திருந்தது. தூரத்து ஊர்ப் பெண்களும், வேலைக்குப் போய்க்கொண்டே படிக்க நினைத்தவர்களும் சேர்ந்தார்கள். ஒவ்வொருவர் வீட்டுக்கும் ஒரு பெட்டி போனது. அதில் ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி, ஸ்டெதஸ்கோப், வெப்பமானி, கையுறைகள். பாடம் திரையில் நடக்கும். செய்முறைக்கு வீட்டு ஆள் ஒருவரை நோயாளியாக உட்கார வைத்து, வீடியோ எடுத்து அனுப்ப வேண்டும்.

பாட வீடியோக்களை இதே மேசையில்தான் எடுத்தாள். போனைப் பிடித்தவரும் நோயாளியாக நடித்தவரும் ஒரே ஆள்தான், அவள் கணவர். ஒரு கையில் கருவியின் பட்டை கட்டியிருக்க, மறு கையால் போனைப் பிடித்துக்கொண்டு, "நோயாளிக்கு நடுவுல தும்மல் வந்தா என்ன பண்ணணும்னு சிலபஸ்ல இருக்கா?" என்று கேட்டவர் அவர். அந்த இடத்தை வெட்டி எடுக்கவே அவளுக்கு ஒரு முழு நாள் ஆனது. வெட்டவும் ஒட்டவும் கற்றுக்கொண்டது அப்போதுதான்.

மாணவிகள் அனுப்பியதில் நோயாளிகள்தான் வேடிக்கை. ஒரு தம்பி கேமராவைப் பார்த்துக் கண்ணடித்தான். கல்யாணத்துக்குப் போவதுபோல் உடுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார் ஒரு அத்தை. ஒரு புதுக் கணவன், பட்டை இறுகியதும் கண்ணை மூடித் தலையைத் தொங்கப்போட்டான். மாணவி அவன் தொடையில் கிள்ளியது திரையின் ஓரத்தில் நன்றாகத் தெரிந்தது. மதிப்பெண் அட்டவணையில் அதற்கெல்லாம் இடமில்லை. கை கழுவினாளா, நோயாளியிடம் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டாளா, கை இதயத்தின் மட்டத்தில் இருந்ததா, பட்டை முழங்கை மடிப்புக்கு மேலே தள்ளிக் கட்டப்பட்டதா, காற்றை மெதுவாக இறக்கினாளா, அளவைச் சொன்னாளா. இவ்வளவுதான்.

அளவை எல்லாரும் சொன்னார்கள். நூற்று இருபது, எண்பது.

அப்படித்தான் சொல்வார்கள் என்று அவளுக்கு ஆரம்பத்திலேயே தெரியும். கல்லூரியிலும் முதல் தடவை எல்லாரும் அதைத்தான் சொல்வார்கள். பாடப்புத்தகத்தில் இருக்கும் எண் அது. அங்கே அவளிடம் இரண்டு பேர் ஒரே நேரத்தில் கேட்கும்படியான ஸ்டெதஸ்கோப் ஒன்று உண்டு. மாணவியின் பக்கத்தில் அமர்ந்து, அவளுக்குக் கேட்பதைத் தானும் கேட்பாள். பொய் சொன்னால் அப்போதே தெரிந்துவிடும். சொன்னவளுக்கும் சிரிப்பு வந்துவிடும். இங்கே ஒருத்தியின் காதுக்குள் நடப்பதைக் கேமராவால் எடுக்க முடியாது. சரி, அடுத்த வருடம் கல்லூரிக்கு வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்துக்கொண்டு மதிப்பெண் போட்டாள். பாதிப் பேருடையதை முந்தின நாளே ஏற்றியும் விட்டிருந்தாள்.

அடுத்த வீடியோ 'மியூட்' அனுப்பியது. வகுப்பில் பேசும்போது மைக்கைத் திறக்க மறந்துவிடுவாள், வாய் மட்டும் அசையும். "மியூட், மியூட்" என்று மற்றவர்கள் கத்திக் கத்தியே அது பெயராகிவிட்டது. நோயாளி அவளுடைய அப்பா, வெளியூர்ப் பஸ் ஓட்டுகிறவர். கனத்த உடம்பு, கை மடித்துவிட்ட சட்டை. "வணக்கம் ஐயா, நான் செவிலியர் மாணவி" என்று மகள் ஆரம்பித்ததும் அவர் குலுங்கிச் சிரித்தார். "சொல்லுங்கம்மா, எந்த ஊரு நீங்க?" என்றார்.

மியூட் சிரிக்கவில்லை. ஒவ்வொன்றாகச் சரியாகச் செய்தாள். டயல் கேமராவுக்கு நேராகத் தெரியும்படி வைத்திருந்தாள். காற்றை இருநூறுக்கும் மேலே ஏற்றிவிட்டாள். பாடத்தில் சொன்னதைவிட அது அதிகம். பிறகு மெதுவாக இறக்கினாள். "நூத்தி இருபது, எண்பது" என்றாள்.

டியூட்டர் முழு மதிப்பெண் போட்டுவிட்டு அடுத்ததைத் திறந்தாள். ஓடவிடவில்லை. மியூட்டின் வீடியோவுக்கே திரும்பி வந்தாள்.

முள்தான் உறுத்தியது. மற்ற வீடியோக்களில் முள் மேலிருந்து வழுக்கிக்கொண்டு இறங்கும். பாதி வழிக்கு மேல் வந்த பிறகுதான் நாடிக்குத் தக்கபடி துள்ள ஆரம்பிக்கும். அங்கேதான் என்று துல்லியமாகச் சொல்ல முடியாது, ஆனால் ஏறக்குறைய அங்கேதான். இந்த முள் உச்சியிலிருந்தே துள்ளியது. வேகத்தைக் குறைத்துப் பார்த்தாள். இருநூறில் துள்ளல், நூற்றெண்பதில் துள்ளல், நூற்றுக்குக் கீழே வந்தும் அடங்கவில்லை.

"என்ன, ஒரே இடத்தையே பாத்துட்டிருக்க?" என்றார் கணவர். லிப்ட் பழுதுபார்க்கிறவர். ஞாயிறன்றும் கூப்பிடுவார்கள் என்பதால் சனிக்கிழமை வீட்டில் இருப்பார்.

"இந்த ஆளுக்குப் பிரஷர் ரொம்ப இருக்குமோன்னு இருக்கு."

"அந்தப் பொண்ணு என்ன சொல்லுது?"

"நார்மல்ங்கறா."

"அப்ப மார்க் போட்டுட்டு வா. சாப்பாடு ஆறுது." தட்டை எடுத்து வைத்துவிட்டு அவரும் எட்டிப் பார்த்தார். "மிஷின் கோளாறா இருக்கும். பெட்டில போட்டு அனுப்பினதுதானே, வழியில எத்தன பேர் தூக்கிப் போட்டாங்களோ."

கோளாறாக இருந்தால் நன்றாயிருக்கும் என்று அவளுக்கும் தோன்றியது. வீடியோவின் தொடக்கத்துக்குப் போனாள். பட்டை கட்டுவதற்கு முன் முள் பூஜ்யத்தில் ஒழுங்காக நின்றிருந்தது.

அவர் சாப்பிட ஆரம்பித்தார். அவள் உட்கார்ந்தே இருந்தாள். இந்தப் பெண்ணைக் கூப்பிட்டுக் கேட்பதென்றால், நீ சொன்னதை நான் நம்பவில்லை என்று சொல்வதாகும். இவளை நம்பவில்லை என்றால் மற்றவர்களையும் நம்ப முடியாது. ஏற்றிய மதிப்பெண்கள் அத்தனையும் வெறும் எண் என்றாகிவிடும். கூப்பிடாவிட்டால்? அவர் தன் பாட்டுக்குப் பஸ் ஓட்டிக்கொண்டிருப்பார். இத்தனை நாளும் அப்படித்தானே ஓட்டியிருக்கிறார்.

கணவர் சாப்பிட்டு எழுந்து கை கழுவி வந்தார். அவர் ஈரக்கையோடு நின்று, "கூப்பிடேன். தப்பா இருந்தா ஒரு சாரி, அவ்வளவுதானே" என்றார்.

வீடியோ அழைப்பை மியூட் உடனே எடுத்தாள். வழக்கம்போல் வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. பிறகு வந்தது. "மேம், ஏதாவது தப்பாயிடுச்சா? கை கழுவினது வீடியோல விழலையா?"

"அதெல்லாம் விழுந்துச்சு. அப்பா எங்க?"

"கிளம்பிட்டிருக்காங்க மேம். சாயங்காலம் டியூட்டி. விடிஞ்சு போய்ச் சேரும் பஸ்."

"கொஞ்சம் உக்காரச் சொல்லு. என் முன்னாடி இன்னொரு தடவ பாரு."

போனைத் தண்ணீர் பாட்டிலில் சாய்த்து வைத்தாள். அப்பா வந்து உட்கார்ந்தார். சீப்பு சட்டைப்பையில் துருத்திக்கொண்டிருந்தது. "வணக்கம் டீச்சரம்மா. பொண்ணு பாஸா பெயிலா? பெயில்னா சொல்லுங்க, நடிச்சது சரியில்லன்னு என்னைத்தான் திட்டும்."

"பாஸ்தாங்க. ஒரு தடவ லைவா பாக்கணும். கொஞ்ச நேரம் சும்மா உக்காருங்க."

"சும்மா உக்கார எனக்கு எங்க நேரம்?" என்றார். ஆனால் உட்கார்ந்தார்.

மியூட் பட்டையைக் கட்டினாள், ஏற்றினாள், இறக்கினாள். முள் உச்சியிலிருந்தே துள்ளிக்கொண்டு வந்தது. அது கீழே போய் நின்ற பிறகும் அவள் வாய் திறக்கவில்லை.

"என்ன கேட்டுச்சு?" என்றாள் டியூட்டர்.

மியூட் அப்பாவைப் பார்த்தாள், பிறகு திரையைப் பார்த்தாள். டியூட்டர் காத்திருந்தாள். வகுப்பிலும் அவள் அப்படித்தான். கேட்டுவிட்டால் பதில் வரும்வரை இடையில் புகமாட்டாள்.

"ஒண்ணுமே கேக்கல மேம்." காற்றடிக்கும் ரப்பர் பல்பை மியூட் கீழே வைத்தாள். "எப்பவுமே கேட்டதில்ல. பெட்டி வந்த நாள்லேருந்து பாக்கறேன். எங்கேயோ தண்ணிக்குள்ள இருக்கற மாதிரி ஒரு இரைச்சல். எங்க குரூப்ல யாருக்குமே கேக்கல. நூத்தி இருபது, எண்பதுன்னு சொன்னா மார்க் வருதுன்னு முதல்ல அனுப்பினவங்க சொன்னாங்க. எல்லாரும் அதையே சொல்லிட்டோம்."

"அடிப்பாவி" என்றார் அப்பா. "அப்ப இத்தன நாளா என் கைய நெரிச்சது சும்மாவா?"

டியூட்டருக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும். ஒரு பெண்ணுக்குக் கேட்கவில்லை என்றால் சரி. ஒரு வகுப்புக்கே எப்படிக் கேட்காமல் போகும்? அதை யோசிக்க இப்போது நேரமில்லை.

"ஸ்டெத்தக் கழட்டி வை. காது வேணாம், விரல் போதும். அப்பா மணிக்கட்டுல நாடி பிடி. கிடைச்சுதா?"

"கிடைச்சுது மேம். இது நல்லாத் தெரியுது."

"அதை விடாம மறு கையால பல்ப அமுக்கு. நாடி நின்னு போற வரைக்கும் ஏத்து, அதுக்கப்புறம் இன்னும் கொஞ்சம். இப்ப மெதுவா இறக்கு. நாடி திரும்ப வந்ததும் 'இப்ப'ன்னு சொல்லு. முள்ள நீ பாக்க வேணாம், நான் பாத்துக்கறேன்."

டயரில் காற்று பார்ப்பதுபோல் இருக்கிறது என்று அப்பா ஏதோ சொன்னார். இருவரும் கேட்கவில்லை. முள் இறங்கியது. மியூட் கண்ணை மூடிக்கொண்டு விரல் நுனியில் மட்டும் இருந்தாள்.

"இப்ப."

முள் அப்போது இருநூறுக்கு மேலேயே இருந்தது. சற்று ஓய்வு கொடுத்து மறுபடி பார்க்கச் சொன்னாள். இரண்டாவது "இப்ப"வும் அதே இடத்தில் வந்தது.

"ஐயா, காலைல எழுந்ததும் தலைவலி வருமா?"

"பின்கழுத்துல ஒரு பாரம். ஸ்டியரிங் புடிக்கறவனுக்கெல்லாம் இருக்கறதுதான்."

"கண்ணு மங்குமா?"

அவர் சட்டைப்பைச் சீப்பை உள்ளே அழுத்திவிட்டார். "எதிர் லைட் அடிச்சா நட்சத்திரம் பறக்கும்" என்றார் பிறகு. "நெஞ்சு வலியெல்லாம் கிடையாது. நல்லாத்தான் இருக்கேன். இத பாருங்க டீச்சரம்மா, காதுல கேக்கலேன்னு சொல்லுது, கையால தொட்டுட்டு இவ்வளவுங்கறீங்க. இத நம்பி நான் லீவு போட்டா எங்க டிப்போல சிரிப்பா சிரிப்பாங்க. கழட்டும்மா, நேரமாச்சு."

"விரல்ல மேல் அளவுதான் தெரியும். கீழ் அளவு கேக்குதான்னு பாத்துடறேன்ப்பா, ஒரே ஒரு தடவ" என்று மியூட் ஸ்டெதஸ்கோப்பை மீண்டும் காதில் மாட்டினாள். அப்பாவின் முழங்கை மடிப்பில் வட்டை வைப்பதற்காகப் பக்கவாட்டில் குனிந்தாள். அவளுடைய ஒரு காது கேமராவுக்கு நேராக வந்தது.

டியூட்டரின் கை மேசையிலிருந்து தானாக எழுந்தது. திரையில் தெரிந்த அந்தக் காதுவரை போய், கண்ணாடியில் முட்டி நின்றது.

ஸ்டெதஸ்கோப்பின் காது முனைகள் நேராக இருப்பதில்லை. லேசாகச் சாய்ந்திருக்கும். சாய்வு மூக்கின் பக்கம் பார்க்கும்படி மாட்டினால்தான் துளை காதுக்குள் திறக்கும். மியூட் அதைப் பின்பக்கமாக மாட்டியிருந்தாள். முனை காதின் சுவரில் போய் அடைத்துக்கொண்டிருந்தது. புதிதாக மாட்டுகிறவர்களில் பாதிப் பேர் அப்படித்தான் மாட்டுவார்கள். செய்முறைக் கூடத்தில் கட்டில்களுக்கு நடுவே நடந்துகொண்டே டியூட்டர் அதைத் திருப்பிவிடுவாள். வேறு எதைப் பற்றியோ பேசிக்கொண்டிருப்பாள், கை மட்டும் ஒரு காதிலிருந்து கழற்றித் திருப்பி மாட்டிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடும். அதை ஒரு வாக்கியமாக அவள் ஒருநாளும் சொன்னதில்லை. சொல்லவேண்டிய விஷயம் என்றே தோன்றியதில்லை. பாட வீடியோவில் தான் சரியாகத்தான் மாட்டியிருந்தாள், ஆனால் முகத்துக்கு நேரே கேமரா. முன்னாலிருந்து பார்த்தால் சாய்வு தெரியாது.

"காதுல இருக்கறதக் கழட்டு" என்றாள். "அந்த முனை ரெண்டும் எந்தப் பக்கம் சாஞ்சிருக்குன்னு பாரு. அது மூக்கப் பாக்கணும். திருப்பி மாட்டு."

மியூட் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மாட்டினாள். விரலால் வட்டைத் தட்டியதும் அவள் தோள் தூக்கிப்போட்டது.

"ஏத்து" என்றாள் டியூட்டர்.

பட்டை உப்பியது. முள் ஏறி, நின்று, இறங்கத் தொடங்கியது. கேமராவில் எந்தச் சத்தமும் இல்லை. ஒரு பெண்ணின் முகம் மட்டும் இருந்தது. முதலில் அதில் ஆச்சரியம் வந்தது, சிரிப்புகூடத் தொட்டுவிட்டுப் போனது. பிறகு முள்ளைப் பார்த்தாள், அதற்குப் பிறகு சிரிப்பு இல்லை. முள் இறங்க இறங்க அவள் எங்கேயும் முடிவைக் காணாதவள்போல் காத்திருந்தாள். கடைசியில் காதிலிருந்து எடுத்தாள்.

"இருநூத்தி நாலு. நூத்திப் பதினாறு."

இதுவரை அந்த வகுப்பில் யாரும் சொல்லாத எண்கள்.

"சரி, கேட்டாச்சுல்ல. கழட்டு" என்றார் அப்பா.

மியூட் கழற்றவில்லை. பட்டையின் மேல் கையை வைத்தபடி நின்றாள். டியூட்டர் பேச வாயெடுத்து நிறுத்திக்கொண்டாள். அவள் சொல்லக்கூடியதெல்லாம் அவளுக்குத் தெரியும்: மூளையில் வெடிக்கும் ரத்தக் குழாய், வளைவில் வண்டி, பின்னால் தூங்குகிறவர்கள். அதையெல்லாம் முன்பின் தெரியாத ஒருத்தி போனிலிருந்து சொன்னால் அவர் சிரித்துவிட்டு எழுந்து போய்விடுவார். அவர் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார்.

"வாயத் திறந்து ஏதாவது சொல்லித் தொலையேன்" என்றார்.

"கேட்டுச்சுப்பா."

"என்னத்தக் கேட்டுச்சு?"

"உங்க ரத்தம் அடிக்கறது. மேல ஆரம்பிச்சு கீழ வரைக்கும் அடிச்சுக்கிட்டே வருது. நிக்கவே மாட்டேங்குது. யாரோ கதவத் தட்டற மாதிரி." அவள் மூக்கை உறிஞ்சினாள். "போன மாசம் பெட்டி வந்தப்பவே நான் கேட்டிருக்கணும்."

அவர் கையை உருவிக்கொள்ளவில்லை. பட்டையோடு அப்படியே உட்கார்ந்திருந்தார். அந்தப் பக்கம் தெருவில் ஏதோ வண்டி பின்னால் எடுக்கும் பீப் சத்தம் வந்து நின்றது. பிறகு, மறு கையால் சட்டைப்பையைத் துழாவி, சீப்பை எடுத்து மேசையில் வைத்துவிட்டுத் தன் போனில் டிப்போவைக் கூப்பிட்டார்.

"நான்தான்யா. இன்னிக்கு வண்டி எடுக்கல... உடம்பு சரியில்ல... இல்லய்யா, தண்ணியும் இல்ல கிண்ணியும் இல்ல, பிரஷர்... எங்க பொண்ணு பாத்துச்சு. ஆமா, நர்ஸுக்குப் படிக்குதே, அதேதான்... இப்பத்தான்யா முதல் தடவ லீவு கேக்கறேன், நீ என்னமோ சொத்துல பங்கு கேட்ட மாதிரி பேசற. ஆள் இல்லேன்னா பஸ்ஸ நிறுத்து."

போனை வைத்துவிட்டு மகளைப் பார்த்து, "இப்பவாவது கழட்டுவியா?" என்றார்.

"கழட்டறேன். நேரா ஆஸ்பத்திரிதான்."

"அவசரப் பிரிவுக்கே போங்க" என்றாள் டியூட்டர். "அளவையும் பின்கழுத்து பாரத்தையும் கண்ணு விஷயத்தையும் நீயே சொல்லு. அவர் மறைச்சிடுவார்."

"டீச்சரம்மா, நான் இங்கதான் உக்காந்திருக்கேன்" என்றார் அவர்.

அழைப்பு முடிந்ததும் டியூட்டர் கல்லூரி முதல்வரைக் கூப்பிட்டாள். ஏற்றிய மதிப்பெண்களைத் திரும்ப எடுக்கவேண்டும் என்றாள்.

"யாரோட மார்க்?"

"எல்லாரோடதும்."

"ஏன், காப்பியா?"

"அவங்க தப்பு மட்டும் இல்ல மேடம். ஸ்டெதஸ்கோப்ப எப்படி மாட்டணும்னு நான் சொல்லித் தரல."

"எத எப்படி மாட்டணும்னு?" என்று கேட்டார் முதல்வர். அதற்குப் பதில் சொல்லிவிட்டு டியூட்டர் இனிச் செய்யப்போவதை அவரிடம் அடுக்கினாள். நாளையிலிருந்து ஒவ்வொருத்தியையும் நேரலையில் கூப்பிடுவது, முதலில் பக்கவாட்டில் திரும்பிக் காதைக் காட்டச் சொல்வது, விரலால் நாடி பார்த்து "இப்ப" சொல்ல வைப்பது, அதன்பிறகே காதுக்குப் போவது. வீட்டு நோயாளிகளில் வேறு யாருக்காவது இப்படி இருந்தால் அப்போது தெரியும். "ரிசல்ட் தள்ளிப்போகும்" என்றார் முதல்வர். போகும்தான் என்றாள். மேலிடத்துக்குத் தான் என்ன எழுதுவது என்று அவர் கேட்டார். நடந்ததை எழுதுங்கள் என்றாள். பிறகு, "திங்கக்கிழமை என் ரூமுக்கு வாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தார்.

கணவர் தட்டைச் சூடாக்கிக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தார். அவள் சாப்பிட்டாள். என்ன சாப்பிட்டாள் என்று கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது.

இருட்டுவதற்குள் மியூட்டிடமிருந்து செய்தி வந்தது. அப்பாவை இரண்டு நாள் வைத்துப் பார்க்கப் போகிறார்களாம். மாத்திரை ஆரம்பித்தாகிவிட்டது. டாக்டர் சொல்லும்வரை வண்டி எடுக்கக் கூடாது. அதைக் கேட்டதிலிருந்து அப்பா அவளிடம் பேசுவதில்லை. எதிர்க் கட்டில்காரரிடம் மட்டும், நர்ஸுக்குப் பெண்ணைப் படிக்க வைத்தவன் கதி இதுதான் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். வீட்டுக்கு வந்த பிறகு காலையும் மாலையும் அளவு பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தால் தான் எப்படிப் பார்ப்பது என்று கேட்டிருந்தாள்.

டியூட்டர் எழுதினாள்: "முகம் எந்தப் பக்கம் இருந்தாலும் பரவாயில்லை, கை நம் பக்கம் இருந்தால் போதும். பேசவில்லை என்று வருத்தப்படாதே. அளவு பார்க்கும்போது நோயாளி பேசாமல் இருப்பதுதான் நல்லது."